பழைய சளியின் நினைவு புதிய கொரோனா வைரஸிடமிருந்து காத்ததா?

கேள்வியை எழுதியவர் தம் வீட்டில் நடந்ததையும் தாம் படித்ததையும் சேர்த்து வைத்துக் கேட்டிருக்கிறார். 2020-ஆம் ஆண்டின் இறுதியில், தடுப்பூசி வருவதற்கு முன், அவர் வீட்டில் ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கோவிட் வந்தது. கூடவே இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்ட அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை எடுத்த பிசிஆர் சோதனையிலும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. சாதாரணச் சளியை உண்டாக்கும் பழைய கொரோனா வைரஸ்கள் பலருடைய உடலில் முன்கூட்டியே ஒரு நினைவை விட்டுச் சென்றிருந்தன என்று அவர் பிறகு எங்கோ படித்திருக்கிறார். தம்மைக் காத்தது அந்த நினைவுதானா, இன்னொரு புதிய கொரோனா வைரஸ் வந்தால் மறுபடியும் அது காக்குமா, அது தம் உடலில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒரு நோயெதிர்ப்புச் செல் ஒரு வைரஸை அடையாளம் கண்டுகொள்வதும், அந்த வைரஸிடமிருந்து நம்மைக் காப்பதும் ஒன்றுதானா? செய்திகளில் இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால்தான் இத்தனை குழப்பம். நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டிருப்பவன். நோயாளிக்கு மருந்தெழுதும் மருத்துவன் அல்லன். அந்த வரம்புக்குள் நின்று எழுதுகிறேன்.

முதலில் டி செல் எதைப் பார்க்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பான்கள் இரத்தத்திலும் சளிப்படலத்திலும் மிதந்து, வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழையும் முன்பே அதன் வெளிப்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியவை. டி செல்லுக்கு முழு வைரஸ் கண்ணில் படுவதே இல்லை. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து தன் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கியபின், அந்தச் செல் அப்புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எச்எல்ஏ எனப்படும் தாங்கு மூலக்கூறுகளில் வைத்துத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. சிடி8 வகை டி செல் பார்ப்பது பெரும்பாலும் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டு. சிடி4 வகை பார்ப்பது அதைவிடச் சற்று நீளமானது. துண்டும் தாங்கியும் சேர்ந்திருந்தால்தான் டி செல் கண்டுகொள்ளும் என்பதைப் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1974-இல் காட்டினார்கள். 1996-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவைக் கடைசிவரை மனத்தில் வைத்திருக்க வேண்டும். டி செல் வாசலில் நிற்கும் காவலாள் இல்லை. திருடன் உள்ளே வந்து ஓர் அறையைத் திறந்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. ஆகவே டி செல் நினைவு எவ்வளவு வலுவாக இருந்தாலும், வைரஸ் முதல் செல்லுக்குள் நுழைவதை அது தடுப்பதில்லை; நுழைந்தபின் எத்தனை செல்களுக்குப் பரவுகிறது என்பதைத்தான் அது மாற்றக்கூடும்.

சளிக்குக் காரணமான கொரோனா வைரஸ்கள் மனிதரிடையே நான்கு சுற்றிக்கொண்டிருக்கின்றன. 229இ, ஓசி43 ஆகிய இரண்டும் 1960-களில் கண்டறியப்பட்டவை. என்எல்63, எச்கேயு1 ஆகிய இரண்டும், வேறொரு கொரோனா வைரஸால் வந்த சார்ஸ் நோய்க்குப் பிறகு எழுந்த தேடலில் 2004, 2005 ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டவை. வளர்ந்த மனிதர் எவரும் இவற்றில் சிலவற்றையாவது, பெரும்பாலும் பலமுறை, சந்தித்திருப்பார். கோவிட்டை உண்டாக்கும் சார்ஸ்-கோவி-2 இவற்றுக்கு நெருங்கிய உறவு என்று சொல்ல முடியாது. ஓசி43, எச்கேயு1 இரண்டும் அதே பீட்டா பிரிவைச் சேர்ந்தவை என்றாலும் தாயாதி உறவுதான். இருந்தாலும் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அந்த ஆர்என்ஏவின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவுக்கு மாறியிருக்கவில்லை. செல்லின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஸ்பைக் புரதத்தின் தலைப்பகுதி மிகவும் வேறுபட்டிருக்கிறது. அதன் தண்டுப்பகுதி அவ்வளவு வேறுபடவில்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ், ஹெலிகேஸ் போன்ற உட்புற இயந்திரப் புரதங்களோ இன்னும் நெருக்கமாக ஒத்துப்போகின்றன, ஏனெனில் அந்த இயந்திரத்தில் கை வைத்தால் வைரஸால் பெருகவே இயலாது. பழைய வைரஸின் துண்டுக்குப் பழகிய டி செல் புதிய வைரஸின் துண்டையும் கண்டுகொள்ள வேண்டுமானால், துண்டின் அந்த எட்டு பத்து அமினோ அமிலங்கள் போதிய அளவு ஒத்திருந்தால் போதும். வைரஸின் மற்றப் பகுதிகள் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இப்படிப்பட்ட செல்கள் இருந்தன என்பதில் இன்று ஐயம் இல்லை. 2020 மே மாதத்தில் கலிபோர்னியாவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அலெஸாண்ட்ரோ செட்டே, ஷேன் கிராட்டி ஆகியோரின் குழு, 2015 முதல் 2018 வரை சேகரித்து உறையவைத்திருந்த இரத்த மாதிரிகளைப் புதிய வைரஸின் துண்டுகளோடு சேர்த்துப் பார்த்தது. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் அப்போது உலகில் இல்லாத ஒரு வைரஸைச் சந்தித்திருக்கவே முடியாது. ஆனாலும் 40 முதல் 60 விழுக்காட்டினரிடம் அதற்குப் பதிலளிக்கும் சிடி4 செல்கள் இருந்தன. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக் குழு நோய் வராதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் ஸ்பைக் புரதத்துக்குப் பதிலளிக்கும் செல்களைக் கண்டது. அவை பெரும்பாலும் அந்தத் தண்டுப்பகுதியையே பார்த்தன. சிங்கப்பூரில் அந்தோனியோ பெர்த்தொலெட்டியின் குழு ஏறத்தாழ பாதிப் பேரிடம் அத்தகைய செல்களைக் கண்டது, அவற்றில் சில உட்புற இயந்திரப் புரதங்களை நோக்கியிருந்தன. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. 2003-இல் சார்ஸ் நோய் வந்து பிழைத்த 23 பேரிடம், 17 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸின் ஆர்என்ஏவைப் பொதிந்து வைக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான டி செல்கள் இருந்தன, அவை புதிய வைரஸின் அதே புரதத்தையும் கண்டுகொண்டன. சார்ஸ் வந்தவர்களுக்கு எதிர்ப்பான்கள் சில ஆண்டுகளில் மங்கிவிட்டன என்று முன்பே தெரிந்திருந்ததால், இந்த 17 ஆண்டு என்ற எண் எங்கள் துறையில் பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரியாமல் அவற்றை நம்புவதும் தவறு, தள்ளுவதும் தவறு. அதனால் ஆய்வு மேசைக்கு அருகே கொஞ்சம் அழைத்துப் போகிறேன். குழாயில் வந்த இரத்தத்தை அடர்த்தி மிகுந்த ஒரு தெளிந்த திரவத்தின் மேல், இரண்டும் கலந்துவிடாதபடி, குழாயைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றுகிறோம். சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் போய்ப் படியும், மஞ்சள் நிற பிளாஸ்மா மேலே நிற்கும், நடுவில் பாலாடை போல ஒரு மெல்லிய வெள்ளை வளையம் மிதக்கும். டி செல்கள் இருப்பது அந்த வளையத்தில்தான். அதை உறிஞ்சி எடுத்து, கழுவி, சிறு குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் செல்களாக இடுகிறோம். வைரஸ் புரதத்தைப் பதினைந்து பதினைந்து அமினோ அமிலத் துண்டுகளாகச் செயற்கையாகத் தயாரித்த கலவையைச் சில குழிகளிலும், ஒன்றும் கலக்காத வெறுங் கரைசலைச் சில குழிகளிலும் சேர்த்து இரவு முழுவதும் 37 பாகை வெப்பத்தில் வைக்கிறோம். மறுநாள், துண்டைக் கண்டு விழித்தெழுந்த செல் இருந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கும். கோவிட் வந்து தேறியவரின் குழியில் புள்ளிகள் நெருக்கமாகக் கிடக்கும். நோயே வராதவரின் குழியில் பத்தோ இருபதோ புள்ளிகள் இருக்கும், வெறுங் கரைசல் குழியிலும் இரண்டு மூன்று இருக்கும். இதில் எத்தனை புள்ளிக்கு மேல் போனால் "நினைவு உண்டு" என்று எழுதுவது என்பதை ஒவ்வோர் ஆய்வகமும் தன் முறைக்கு ஏற்ப முடிவு செய்கிறது. ஓர் ஆய்வு மூன்றில் ஒரு பங்கு என்கிறது, இன்னொன்று பாதி என்கிறது என்றால், இரண்டு நாட்டு மக்களுக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருப்பதாக உடனே நினைத்துவிட வேண்டாம். கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதே பெரும்பாலும் அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு, என் கணிப்பில் அதுவே முக்கியமானது. குழியில் நாங்கள் சேர்க்கும் துண்டுகளின் அளவு தாராளமானது. தொற்றிய ஒரு செல் இயல்பாகத் தன் மேற்பரப்பில் காட்டுவதைவிடப் பன்மடங்கு அதிகமான துண்டுகள் அங்கே இருக்கும். அத்தனை மிகுதியில், அந்தத் துண்டை அரைகுறையாகப் பிடித்துக்கொள்ளும் செல்லும் விழித்துக்கொள்ளும். ஜெர்மனியின் கீல் நகரத்தில் பெட்ரா பாகரும் அலெக்சாண்டர் ஷெஃபோல்டும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது. நோய் வராதவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் அவர்கள் இத்தகைய சிடி4 நினைவுச் செல்களைக் கண்டார்கள். ஆனால் அவற்றின் பிடிப்பு பலவீனமாக இருந்தது, அவற்றில் சிறு பகுதி மட்டுமே சளி வைரஸ்களோடு தொடர்புடையதாக இருந்தது, வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கையும் கூடியது. வேறுவிதமாகச் சொன்னால், "பழைய சளி விட்டுச்சென்ற நினைவு" என்று பெயர் பெற்றவற்றுள் பல, வாழ்நாள் முழுவதும் சந்தித்த எண்ணற்ற நுண்ணுயிர்களின் கலவையான எச்சமாக இருக்கலாம்.

இது கோவிட்டுக்கு மட்டும் உரிய விந்தையும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸின் குழு 2013-இலேயே, எச்ஐவி தொற்றே இல்லாத பெரியவர்களின் இரத்தத்தில் எச்ஐவி துண்டுகளைக் கண்டுகொள்ளும், நினைவுச் செல்லின் தோற்றம் கொண்ட சிடி4 செல்களைக் கண்டது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதே துண்டுகளைக் கண்டுகொள்ளும் செல்கள் நினைவுத் தோற்றம் பெற்றிருக்கவில்லை. எச்ஐவியைக் கண்டுகொள்ளும் செல் நம்மில் பலரிடம் இருக்கிறது, அதனால் எவரும் எச்ஐவியிடமிருந்து தப்பிவிடுவதில்லை என்பதை யோசித்துப் பார்த்தால், அடையாளம் காண்பதற்கும் காப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் அதற்காக இந்த நினைவு பயனற்றது என்று ஒதுக்கிவிடுவதும் அவசரம். பெர்லின் குழு 2021-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், ஸ்பைக் தண்டில் எல்லாச் சளி கொரோனா வைரஸ்களுக்கும் ஏறத்தாழ பொதுவான ஒரு சிறு பகுதியைக் கண்டுகொள்ளும் டி செல்கள், தொற்றின்போதும் தடுப்பூசியின்போதும் விரைவாக எழுந்து வேலை செய்வதைக் காட்டியது. அவை வயதானவர்களிடம் குறைந்திருப்பதையும் காட்டியது. வயது ஏறினால் கூடுகிறது என்று கீல் குழு சொல்ல, குறைகிறது என்று பெர்லின் குழு சொல்வது முரணாகத் தோன்றும். என் கருத்தில் இரண்டு குழுக்களும் வெவ்வேறு செல்களைப் பார்த்திருக்கின்றன. பிடிப்புக் குறைந்த கலவையான செல்கள் வயதோடு சேர்கின்றன, இறுகப் பிடிக்கும் கூர்மையான செல்கள் வயதோடு தேய்கின்றன. இது என் வாசிப்பு. முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் நிலைக்கு மிக அருகில் வருபவை லண்டனில் நடந்த இரண்டு ஆய்வுகள். முதலாவதை யூசிஎல் பல்கலைக்கழகத்தில் மாலா மெய்னியின் குழு 2021-இல் வெளியிட்டது. 2020-இன் முதல் அலையில் மருத்துவமனைப் பணியாளர்களை வாராவாரம் சோதித்து வந்தார்கள். அவர்களில், பிசிஆர் சோதனையிலும் எதிர்ப்பான் சோதனையிலும் கடைசிவரை தொற்று இல்லை என்றே வந்த 58 பேரை எடுத்துப் பார்த்தபோது, அவர்களிடம் வைரஸைப் படியெடுக்கும் இயந்திரப் புரதங்களுக்கு எதிரான டி செல்கள், தொற்று உறுதியானவர்களிடம் இருந்ததைவிட வலுவாக இருந்தன. சிலரிடம் பாலிமரேஸை நோக்கிய செல்கள் அலைக்கு முந்தைய மாதிரியிலேயே இருந்து, அலைக்குப் பின் பெருகியிருந்தன. அதோடு, வைரஸ் உடலுக்குள் வந்ததைக் காட்டும் ஐஎஃப்ஐ27 என்ற மரபணுவின் செயல்பாடும் இந்த 58 பேரில் சிலரிடம் உயர்ந்திருந்தது. அதாவது, வைரஸ் அவர்களை அணுகவேயில்லை என்று சொல்ல முடியாது. அது வந்து, காலூன்ற முயன்று, சோதனையில் தெரியும் அளவுக்குப் பெருகும் முன்பே முளையிலேயே கிள்ளப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம்.

அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவதற்குக் காரணம், வைரஸின் வேலை வரிசை. செல்லுக்குள் நுழைந்ததும் கொரோனா வைரஸ் முதலில் தயாரிப்பது ஸ்பைக்கை அல்ல. அதன் ஆர்என்ஏவின் முதல் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாக வாசிக்கப்பட்டு, படியெடுக்கும் இயந்திரம் முதலில் உருவாகிறது. ஸ்பைக் முதலான கட்டமைப்புப் புரதங்கள் அதன் பிறகே வருகின்றன. எனவே பாலிமரேஸின் துண்டை அடையாளம் காணும் டி செல், அந்தச் செல்லிலிருந்து புதிய வைரஸ் துகள்கள் புறப்படும் முன்பே அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது. உட்புறத்தில் மிகக் குறைவாக மாறிய பகுதியும், முதலில் உருவாகும் பகுதியும் ஒன்றாகவே அமைந்தது, பழைய நினைவு பயன்பட்டிருந்தால் எந்த வழியாகப் பயன்பட்டிருக்கும் என்பதற்கு ஒரு நல்ல துப்பு.

இரண்டாவது ஆய்வு இம்பீரியல் கல்லூரியில் அஜித் லால்வானியின் குழு 2022 ஜனவரியில் வெளியிட்டது. தொற்று உறுதியானவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 52 பேரை, வைரஸுக்கு ஆட்பட்ட ஒன்று முதல் ஆறு நாட்களுக்குள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 26 பேருக்குப் பிறகு தொற்று வந்தது, 26 பேருக்கு வரவில்லை. வராதவர்களிடம், சளி வைரஸ்களோடு பொதுவான பகுதிகளைக் கண்டுகொண்டு இன்டர்லூக்கின்-2 என்ற, டி செல்களைப் பெருகத் தூண்டும் சைகைப் புரதத்தைச் சுரக்கும் நினைவு டி செல்கள் கூடுதலாக இருந்தன. உங்கள் வீட்டுக் கதையையே எழுதி வைத்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் 52 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கூடுதலாக இருந்தது என்பது சராசரியில்தான்; வந்தவர்களுள் சிலரிடம் நிறைய செல்களும் வராதவர்களுள் சிலரிடம் சொற்ப செல்களும் இருக்கத்தான் செய்யும். மேலும், ஆறாம் நாள் எடுத்த இரத்தத்தில் உள்ள செல்கள் எல்லாம் முன்பே இருந்தவையா, வைரஸைக் கண்டு அப்போதுதான் பெருகத் தொடங்கியவையா என்று முழு உறுதியோடு பிரிப்பது கடினம்.

மரபுவழிச் சான்றும் ஒன்று உண்டு. 2023-இல் ஜில் ஹாலன்பாக் தலைமையிலான குழு அமெரிக்க எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, தடுப்பூசி போடாமல் தொற்று வந்த 1,428 பேரில் 136 பேருக்கு எந்த அறிகுறியும் தோன்றவில்லை என்று கண்டது. அந்த 136 பேரில் ஐந்தில் ஒருவர் எச்எல்ஏ-பி*15:01 என்ற வகையைக் கொண்டிருந்தார். அறிகுறி வந்தவர்களில் அது 9 விழுக்காடு மட்டுமே. அந்த வகைத் தாங்கி மூலக்கூறு ஏந்தும் ஒரு ஸ்பைக் துண்டு, ஓசி43, எச்கேயு1 வைரஸ்களின் துண்டோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. வைரஸைச் சந்திக்காதவர்களிடமும் அதற்கு நினைவுச் செல்கள் இருந்தன. பிடிப்பு இறுக்கமாக இருந்தால் பழைய நினைவு உண்மையிலேயே உதவக்கூடும் என்பதற்கு இதுவரை நான் பார்த்தவற்றுள் இதுவே வலுவான சான்று. இங்கும் அந்த நினைவு தடுத்தது அறிகுறியை. தொற்று வந்தவர்களுக்குள்தான் இந்த ஒப்பீடே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கம் இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். சளி கொரோனா வைரஸ்கள் தமக்கு எதிராகவே நீண்ட காப்பைத் தருவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1980-களிலிருந்து தொடர்ச்சியாக இரத்தம் சேகரிக்கப்பட்ட 10 ஆண்களின் மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், அதே வைரஸ் 12 மாதங்களில் மறுபடி தொற்றுவது வழக்கமாகவே நடப்பதைக் கண்டார்கள். சொந்த வைரஸையே ஓராண்டுக்குப் பின் தடுக்க முடியாத நினைவு, தாயாதி வைரஸின் தொற்றைத் தடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2020 மே மாதம் சியாட்டிலிலிருந்து புறப்பட்ட ஒரு மீன்பிடிக் கப்பலில் 122 பேர் இருந்தார்கள். திரும்பி வருவதற்குள் 104 பேருக்குத் தொற்று வந்துவிட்டது. முந்தைய கோவிட் தொற்றால் வைரஸை முடக்கும் எதிர்ப்பான்கள் பெற்றிருந்த மூவருக்கு வரவில்லை. அந்தக் கப்பலில் யாரும் டி செல்களை அளக்கவில்லை. இருந்தாலும் பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர்வரை அத்தகைய செல்களோடு இருப்பார்கள் என்றால், நெருக்கமான இடத்தில் அவை தொற்றைப் பெரிதாகத் தடுத்துவிடவில்லை என்பது வெளிப்படை. இந்தக் காரணத்தால்தான், 2020-இல் சிலர் "பாதி மக்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறது, ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்தாலே கூட்டு எதிர்ப்பாற்றல் வந்துவிடும்" என்று எழுதியபோது எங்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பழைய நினைவு எவ்வளவு காப்பைத் தந்திருந்தாலும், அந்தக் காப்பைக் கழித்த பிறகுதான் நாம் கண்ணால் பார்த்த பரவலும் மரணமும் நிகழ்ந்தன. அதை இன்னொரு முறை கணக்கில் சேர்ப்பது ஒரே வரவை இருமுறை எழுதுவது போன்றது.

இவற்றோடு, தொற்று வராமல் போவதற்கு டி செல் நினைவு தவிர வேறு காரணங்களும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில், தொற்றோ தடுப்பூசியோ பெறாத 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் அளந்து வைரஸை இட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கே தொற்று நிலைத்தது. தொற்று நிலைக்காதவர்களின் மூக்குத் திசுவில் இருந்த உடனடி எதிர்ப்புச் செயல்பாடுகளும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வைரஸ் ஒருவரிடமிருந்து எவ்வளவு வெளிப்பட்டது, எந்த நாளில் நீங்கள் அருகில் இருந்தீர்கள், சன்னல் திறந்திருந்ததா என்பவையும் சேரும். அந்த முதல் ஆண்டில் பரவிய வகைகளால், வீட்டுக்குள் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வராமலே போனது. உங்கள் வீட்டில் நால்வருக்கு வந்தது வழக்கத்தைவிட அதிகம். இரண்டு பிசிஆர் சோதனைகளுக்கு இடையே சில நாட்கள் மட்டும் இருந்து மறைந்த தொற்று தப்பிப்போயிருக்கவும் கூடும்.

இனி வரக்கூடிய வைரஸைப் பற்றி. ஓமிக்ரான் வந்தபோது எதிர்ப்பான்களின் முடக்கும் திறன் வெகுவாகச் சரிந்தது. டி செல் பதிலோ பெரும்பாலானவர்களிடம் 70 முதல் 80 விழுக்காடு வரை குறையாமல் இருந்தது என்று கேப் டவுன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொற்று அலையலையாகப் பரவியும், தடுப்பூசி போட்டவர்களிடம் கடுமையான நோய் அதே அளவு உயராமல் இருந்ததற்கு டி செல்களும் ஒரு காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 2009 இன்ஃபுளுவென்சா பரவலின்போதும், வைரஸின் மாறாத உட்பகுதிகளுக்கு எதிரான சிடி8 செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாக இருந்ததை இம்பீரியல் கல்லூரிக் குழுவே காட்டியிருந்தது. எனவே சார்ஸ்-கோவி-2-க்கு நெருங்கிய இன்னொரு வைரஸ் நாளை வந்தால், இன்றைய மனிதரிடம் இருப்பது 2019-இல் இருந்த அந்த மெல்லிய நினைவைவிட மிகவும் திடமான ஒன்று. நோயின் கடுமை ஓரளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம். மெர்ஸ் நோயை உண்டாக்கும் கொரோனா வைரஸ் போலத் தூரத்து உறவு ஒன்று வந்தால் எவ்வளவு உதவும் என்பதை அந்த வைரஸின் வரிசையைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். பாலிமரேஸ் போன்ற உட்புறப் பகுதிகளையும் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்ற முயற்சிகள் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவைதான்.

பழைய நினைவு தீங்கு செய்யுமா என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். கீல் குழு, கடும் நோய் வந்தவர்களிடம் பிடிப்புக் குறைந்த டி செல்கள் மிகுந்திருந்ததைக் கண்டது உண்மை. அது நோயின் காரணமா விளைவா என்பது அந்த ஆய்வால் முடிவாகவில்லை. இதை வைத்து எவரும் தம் சிகிச்சையிலோ தடுப்பூசி முடிவிலோ எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

கடைசியாக உங்கள் சோதனைக் கேள்வி. கோவிட் டி செல் சோதனைகள் வணிகமுறையில் வந்தது உண்மை. அமெரிக்காவில் 2021 மார்ச்சில் ஒன்றுக்கு அவசரகால ஒப்புதலும் கிடைத்தது. அவை அண்மையில் தொற்று வந்து போனதா என்று அறிய உருவானவை, உங்களுக்குக் காப்பு உண்டா என்பதை அளக்க உருவானவை அல்ல. இத்தனை டி செல் இருந்தால் காப்பு உண்டு என்று சொல்லும் ஏற்கப்பட்ட எல்லை எண் எதுவும் கிடையாது. இன்று உங்கள் இரத்தத்தை என் மேசையில் வைத்தாலும், குழியில் விழும் புள்ளிகளில் எது 2020-க்கு முந்தைய சளியின் மிச்சம், எது பிறகு போட்ட தடுப்பூசியின் வேலை, எது நீங்கள் அறியாமலே வந்து போன தொற்றின் தடம் என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்து அடுக்கடுக்காக எழுதப்பட்டுவிட்டது. 2019-இலோ அதற்கு முன்போ ஏதேனும் ஆய்வுக்காக நீங்கள் இரத்தம் கொடுத்து, அதன் செல்கள் எங்காவது திரவ நைட்ரஜனில் உறைந்து கிடந்தால், அதில் பாலிமரேஸை நோக்கிய செல்கள் இருந்தனவா என்று பார்த்துச் சொல்லலாம். அப்போதும் இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அந்த வாரம் உங்கள் மூக்கில் என்ன நடந்தது என்பதை அந்தக் குழாயும் சொல்லாது.